பொறு

என் அண்ணன் வாருஷான் இரவில் பல்லைக் கடிப்பான்.
ஒரே அறை எங்களுக்கு. நடுவில் இரும்பு அலமாரி,
அதற்கு அந்தப் பக்கம் அம்மா.
கடைசி டிராம் போன பிறகு தொடங்கும்,
ஈரக் கல்லின்மேல் யாரோ
நாற்காலியை இழுப்பதுபோல.

பகலில் அவனுக்கு எதுவும் நினைவில்லை.
பகலில் அவன் சிரிக்கிற பையன்.
பேக்கரியில் மாவு பிசைகிறான்.
அதற்கும் அனுமதி உண்டு,
அனுமதிக்கும் கடைசித் தேதி உண்டு.

பல் மருத்துவர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார்.
பத்தொன்பது வயதா, என்றார்,
கடைவாய்க்கு நாற்பது இருக்குமே.
கவசம் ஒன்று செய்யலாம்,
உங்கள் வகைக் காகிதத்துக்கு அது கிடையாது.
வலித்தால் வாருங்கள்.
வலித்தால் பிடுங்கலாம்.

காகிதத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு,
தப்பான கணக்கை அடித்ததுபோல.
உங்களைப் பொறுத்துக்கொள்கிறோம்
என்பதுதான் அதன் பெயருக்கே பொருள்.
மூன்று மாதம் பொறுப்பார்கள்.
பிறகு இன்னும் மூன்று.
எட்டு வயதில் கெம்னிட்ஸுக்கு வந்தேன்,
பதினேழு முடிகிறது.
நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.
வரிசையில் நின்றால், பொறு.
வலிக்கிறது என்றால், பொறு.
மழையைப் பொறுப்பதுபோல,
மேல்மாடிக் குழந்தையின் அழுகையைப் பொறுப்பதுபோல
எங்களையும்.

வகுப்பு முழுக்க பிராக் போனது.
எல்லையில் ஒரு பலகைதான் இருக்குமாம், காவல்கூட இல்லையாம்.
எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.
லேயோனி பாலத்தைப் படமெடுத்து அனுப்பினாள்,
"சீக்கிரம் குணமாகு."
அன்றிரவு நிஜமாகவே காய்ச்சல் வந்தது.
அம்மா வெப்பமானியை உதறி உதறிப் பார்த்தாள்.

ஐந்து ஆண்டில் நீ எங்கே இருப்பாய், ஒரு பக்கம் எழுதுக.
"நவம்பர் பதினான்கு வரை எனக்குத் தெரியும்" என்று எழுதினேன்.
திரு. க்ரெட்ஷ்மர் சிவப்பில் எழுதினார்:
இன்னும் விரிவாக.

விடியற்காலை நான்கு மணிக்கு
நடைக்கூடத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டால்
எங்கள் கதவைத் தாண்டும்வரை மூச்சுவிட மாட்டேன்.
மார்ச்சில் அது எதிர் அறையில் நின்றது.
பொதுச் சமையலறையில்
அவர்கள் ஊறவைத்த பயறு அப்படியே இருந்தது.
யாரும் சமைக்கவில்லை, யாரும் கொட்டவும் இல்லை.
மூன்றாம் நாள் முளைவிட்டது.
வாருஷான் ஒரு பிடி அள்ளிப் பச்சையாகவே தின்றான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

கோடையில் விளையாட்டுக் கடையில்
குத்துச்சண்டைக்காரர்கள் வைக்கிற பல்கவசம் வாங்கினான்.
ஒன்பது யூரோ.
வெந்நீரில் போட்டு, கடித்து, அச்செடுத்துக்கொள்ள வேண்டும்.
இப்போது கவசத்தோடு படுக்கிறான்,
முஷ்டியை மூடி, சுவரைப் பார்த்து.
மணி அடித்தால் எழுந்து சண்டைக்குப் போகிறவன் மாதிரி.
எதிராளி யார்?
கடித நடையில் பேசுகிற ஒருவர்,
எப்போதும் "மரியாதைக்குரிய ஐயா" என்றே தொடங்குபவர்.
அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

முதல் வாரம் சத்தமில்லை.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
எழுந்துபோய் அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

நவம்பர் பதினான்கு.
வரிசை எண் அறுபத்திரண்டு.
கண்ணாடிக்கு அப்பால் அந்த அம்மாள்
முத்திரையை எடுத்தவர் திடீரென்று தும்மினார்.
தும்மினால் இந்த ஊரில் "ஆரோக்கியம்" என்பார்கள்.
நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் சொன்னோம்,
பள்ளியில் சொல்லிப் பழகிய அதே வேகத்தில்.
அவர் நிமிர்ந்து பார்த்தார்,
கைக்குட்டையைத் தேடினார்,
நன்றி என்றார், உண்மையாகவே.
பிறகு குத்தினார்.

பிப்ரவரி பதின்மூன்று.
டிராமில் வாருஷான் வாயைத் திறந்து மூடி,
தாடையைத் தடவிக்கொண்டே சொன்னான்:
"பார், லீப் வருஷமாக இருந்திருந்தாலும்
அந்த ஒரு நாள் நமக்குக் கிடைத்திருக்காது."
நான் சிரித்தேன்.
எதிரில் இருந்தவரும் சிரித்தார்,
எதற்கென்று தெரியாமலே.